ஏசுபாதம் கழித்த பஜ்ஜிகள்

ஏசுபாதம் பார்க்கிற வேலையை ஒரு வரியில் சொன்னால், அடுத்தவரைப் பார்த்து “போதும், வெளியே வா” என்பதுதான். கல்பாக்கத்தில் கதிர்வீச்சு உள்ள இடத்துக்குள் வேலைக்குப் போகிறவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு போவார்கள். ஆள் எவ்வளவு வாங்கிக்கொண்டார் என்பதை அது சொல்லும். வரம்பு நெருங்கினால் ஏசுபாதம் சொல்வார். அவர் சொன்னால் பாதி முடுக்கிய நட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பேட்ஜை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெரிய அதிகாரி ஒருவரை “சார், பேட்ஜ்” என்ற இரண்டே வார்த்தையில் திருப்பி அனுப்பியவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். பெயர் இன்னும் பணியில் இருக்கிறது.

சொந்த ஊர் மார்த்தாண்டம். வயது நாற்பத்தொன்பது. மனைவி ஷீலா, மாலை நேரத்தில் குவார்ட்டர்ஸ் ஹாலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். மகள் திவ்யா ஒன்பதாம் வகுப்பு. மகன் ஜான்சன் நான்காம் வகுப்பு.

அடுத்தவருக்கு இருபத்துநான்கு வருடம் வரம்பு சொன்ன மனிதருக்கு, ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, செங்கல்பட்டில் வைத்து ஒருவர் வரம்பு சொன்னார்.

கால் மரத்துப்போகிற மாதிரி இருந்ததால் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். டவுன்ஷிப்பிலேயே கொடுக்கலாம். ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் தெரிந்த முகம். “என்ன ஏசு, உங்களுக்குமா?” என்பார்கள். இவர் அவர்களுக்கெல்லாம் ஸ்டாஃப் பஸ்ஸில் வைத்து இனிப்பைக் குறைக்கச் சொல்லி உபதேசம் பண்ணியிருக்கிறார். அதனால் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பஸ் பிடித்து, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு லேபில் கையை நீட்டினார். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் கொடுத்தார். சாயங்காலம் டாக்டர் காகிதத்தைப் பார்த்தார்.

“மூணு மாச சராசரி ஆறு புள்ளி மூணு. சர்க்கரை இன்னும் உள்ள வரல, வாசல்ல நிக்குது. மூணு மாசம் டைம் தரேன். ஆறுக்குக் கீழ கொண்டுவாங்க. இல்லேன்னா மாத்திரைதான்.”

மாத்திரை என்றதும் ஏசுபாதம் பயந்தார். மாத்திரையைக் கண்டு அல்ல, மாத்திரை டப்பாவைக் கண்டு. மார்த்தாண்டத்தில் கல்யாண வீடு என்றால் அவருடைய இரண்டு அண்ணன்மாரும் மூன்று அத்தான்மாரும் பந்தியில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு டப்பாவை எடுப்பார்கள். ஞாயிறிலிருந்து சனி வரை ஏழு அறை. “ஒனக்கு எத்தன?” “காலத்த ரெண்டு, ராத்திரி ஒண்ணு.” “எனக்கு நாலாக்கும்.” பதவி உயர்வு போல ஒரு பெருமிதம். மாத்திரையை விழுங்கிவிட்டு, “செரி, இனி எலையில பாயசத்த விடு” என்பார்கள். மூன்று பாயசமும் இறங்கும். அந்த வரிசையில் ஆறாவது டப்பாவாக உட்கார்வதில்லை என்று ஏசுபாதம் எப்போதோ முடிவு செய்திருந்தார். இப்போது அந்த முடிவுக்கு மூன்று மாத ஆயுள்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காகிதத்தைப் பழைய கரண்ட் பில் ஃபைலுக்குள் வைத்துவிட்டு, ஜான்சனின் கடைவாய்ப் பல்லில் இருந்த இரண்டு சொத்தைகளைத் துணைக்கு அழைத்தார்.

“ஷீலா, பிள்ளைகளுக்க ஆரோக்கியம் கெட்டுக் கிடக்கு, கேட்டியா? இனி இந்த வீட்டுல ஒரு ஒழுங்கு வேணும்.”

வேறு தகப்பன்மார் என்றால் சிறுதானிய மாவு ஒரு பாக்கெட் வாங்கி வந்து, இரண்டு வாரத்தில் வண்டு வர விட்டிருப்பார்கள். ஏசுபாதத்துக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான். அதை அப்படியே கொண்டுவந்து சமையலறையில் இறக்கினார்.

ஞாயிறு ஜெபம் முடிந்து வந்த கையோடு சமையலறை வாசலில் மஞ்சள் டேப் ஒட்டினார். இனி அது கட்டுப்பாட்டுப் பகுதி. உள்ளே போகிறவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும். நான்கு அட்டை, நான்கு பாஸ்போர்ட் போட்டோ, நான்கு ஊக்கு. ஆளுக்கொரு பேட்ஜ். ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஒரு யூனிட். அச்சப்பம் என்கிற அச்சு முறுக்கு ஒன்றுக்கு இரண்டு. முந்திரிக்கொத்து மூன்று. எண்ணெயில் பொரித்த எதுவும் இரண்டு. பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஆறு யூனிட், பிள்ளைகளுக்கு நான்கு. தின்றவர் தன் அட்டையில் தானே கோடு போட வேண்டும். கீரை, காய், அவித்த பயறு, குழம்பு மீன் இதற்கெல்லாம் யூனிட் கிடையாது, எவ்வளவும் தின்னலாம்.

வேலையிடத்தில் சொல்லித் தருகிற மூன்று பாதுகாப்பு விதிகளும் வந்தன. நேரம்: இனிப்புக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்காதே. தூரம்: இனிப்பைத் தள்ளி வை. மறைப்பு: இடையில் ஏதாவது கனமானதை நிறுத்து. ஷீலாவின் அம்மா அனுப்பிய முந்திரிக்கொத்து டின்னுக்கு முன்னால் இருபத்தைந்து கிலோ அரிசி டிரம் காவலுக்கு நின்றது. சர்க்கரை டப்பா பரணுக்குப் போனது.

“தூரம் ரெண்டு மடங்கானா, ஆசை நாலுல ஒண்ணாக் குறையும் மக்ளே. இது சயின்ஸ்” என்றார் ஜான்சனிடம்.

ஜான்சன் ஸ்டூலைப் பார்த்தான். சயின்ஸில் ஸ்டூல் வரவில்லை.

மறுநாள் காலை மீன்காரி தனக்கோடி வந்தாள். சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து மொபெட்டில் அன்னக்கூடையைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப் பக்கம் மீன் விற்கிறவள். பின்பக்கமாக வந்து சமையலறை வாசலில் கூடையை இறக்குவது வழக்கம். டேப்பைப் பார்த்ததும் இறக்கிய கூடையைத் திரும்பத் தூக்கினாள்.

“இன்னாம்மா, போலீஸ் கேசா? யாரு போய்ட்டா?”

“யாரும் போகல்ல. சக்கர சாப்பிடப்படாதாம். அதுக்காக்கும்” என்றார் ஷீலா.

“அதுக்கு எதுக்கு டேப்பு? சக்கர வாங்காம வுட்டா போதாது?”

ஷீலா அரைக் கிலோ நெத்திலியும் ஒரு கிலோ மத்தியும் வாங்கிக்கொண்டு, பெயரும் நேரமும் எழுதி, உள்ளே போனார்.

ஒழுங்கு வேலை செய்தது என்பதுதான் இதில் வேடிக்கை. ஜான்சன் நான்கு யூனிட்டைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, மீதிப் பகல் முழுக்க யூனிட் இல்லாத சாமான்களைத் தேடித் திரிந்தான். கொய்யாக்காய் கணக்கில் வராது என்று கண்டுபிடித்தான். அவித்த கடலை வராது. மத்திக் குழம்பில் கிடக்கிற மாங்காய்த் துண்டு வராது. அப்பாவை ஏமாற்றுகிற சந்தோஷத்தில் முருங்கைக்கீரைப் பொரியலை இரண்டு தடவை கேட்டு வாங்கினான். பள்ளிக்கூடத்தில் நொறுக்குத்தீனி டப்பாவில் வெள்ளரிக்காய் கொண்டுவந்த ஒரே பையன் என்று மிஸ் பாராட்டியதற்குக் காரணம், அவன் வரிஏய்ப்பு செய்தான் என்பதே.

திவ்யா வேறு வழியில் போனாள். அவள் அப்பாவின் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள்.

“அப்பா, உங்க புக்ல ஒரு வருஷம் கொஞ்சம் கூடினாலும் அஞ்சு வருஷ சராசரி பாக்கலாம்னு போட்டிருக்கே?”

“அதுக்கு?”

“இந்த ஞாயித்துக்கிழம மாமல்லபுரத்துல ரெண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுறேன். அஞ்சு வருஷத்துல சரி பண்ணிடுறேன்.”

“அப்படியெல்லாம் சரி பண்ண ஒக்காது மக்ளே.”

“அப்ப புக்கு தப்பா?”

புத்தகம் தப்பு என்று சொல்ல ஏசுபாதத்துக்கு வாய் வரவில்லை. ஐஸ்கிரீம் இரண்டும் ஒப்புதல் பெற்றன. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் அதற்காகவே டீயில் சர்க்கரை போடாமல் குடித்தாள். பிறகு அதுவே பழகிவிட்டது.

ஷீலாவின் அட்டையில் நாளுக்கு இரண்டு கோடுதான். ஏசுபாதத்தின் அட்டையில் அதுவும் கிடையாது. வீட்டில் அவர் சர்க்கரையைத் தொடவில்லை. இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் காய், எழுந்துவிடுவார். அதிகாரி முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? ஏழு வாரம் வெள்ளை வெளேர் என்று தொங்கிய அந்த அட்டையை அவர் வெளியே போகும்போதும் வரும்போதும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆள் மட்டும் மெலியவில்லை.

காரணம் புதுப்பட்டினம் முனையில் இருந்தது. சாயங்காலம் ஐந்து பத்துக்கு ஸ்டாஃப் பஸ் வந்துவிடும். அந்நேரம் வீட்டு ஹாலில் பன்னிரண்டு பிள்ளைகள் பின்னக்கணக்கில் கிடக்கும். ஷீலா ஆறரைக்குத்தான் எழுவார். அரை வயிற்றோடு பகலை ஓட்டிய மனிதர் எங்கே போவார்? சக ஊழியர் ஹரிஹரனோடு சைக்கிளை மிதித்து இருசப்பன் டீக்கடைக்குப் போவார். ஒரு டீ, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. சில நாள் இரண்டு டீ, நான்கு பஜ்ஜி.

ஹரிஹரன் கும்பகோணத்துக்காரர். அவரும் அதே பிரிவுதான். மூன்றாவது நாளே கேட்டுவிட்டார்.

“ஏசு, உங்காத்துல என்னமோ யூனிட் கணக்குன்னேளே. இந்த பஜ்ஜி அதுல வராதா?”

“வராதே.”

“ஏன்?”

“இது பின்னணி ஹரி.”

ஹரிஹரனுக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். மண்ணிலும் காற்றிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிறது. அது எல்லோருக்கும் பொது. அதற்குப் பின்னணி என்று பெயர். பேட்ஜை அளக்கும்போது அந்தப் பின்னணியைக் கழித்துவிட்டு, வேலையிடத்தில் வாங்கியதை மட்டும்தான் ஆளின் கணக்கில் எழுதுவார்கள். ஏசுபாதத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி சமையலறை. அதற்கு வெளியே, உலகத்தில் இயற்கையாகத் தோன்றுகிற பஜ்ஜி அனைத்தும் பின்னணி. கேன்டீன் டீ பின்னணி. பஸ்ஸில் யாரோ பேரன் பிறந்ததற்குக் கொடுத்த மைசூர்பாகு பின்னணி. தொண்டைக் கரகரப்புக்கு நக்கிய தேன் வைத்தியக் கணக்கு, அதையும் விதிப்படி சேர்ப்பதில்லை.

“எங்க ஊருப் பக்கத்துக் கடற்கரையில மண்ணுலயே கதிர்வீச்சு ஜாஸ்தி. நாங்க கூடுதல் பின்னணியில வளந்த ஆளுகளாக்கும்” என்றார் மூன்றாவது பஜ்ஜியைச் சட்னியில் தொட்டுக்கொண்டு.

“அப்படின்னா நானும் கழிச்சுக்கறேன்” என்று ஹரிஹரன் ஒரு மெதுவடை சொன்னார்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று ஏசுபாதம் மனதார நம்பினார். அதுதான் கொடுமை. கள்ளத்தனமாகத் தின்கிறவன் என்றாவது ஒருநாள் வெட்கப்படுவான். விதிப்படி தின்கிறவனை யார் நிறுத்துவது?

ஆகஸ்ட் முதல் வாரம். தனக்கோடி கூடையோடு வந்திருந்தாள். திவ்யா சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் ஷீலா.

“இப்பல்லாம் பொரிக்கிற மீனே வாங்கறதில்ல நீங்க” என்றாள் தனக்கோடி, மத்தியை அள்ளிக்கொண்டே.

“எங்க அப்பா எண்ணெயே தொடுறதில்ல” என்றாள் திவ்யா. “ஏழு வாரமா அவர் கார்டுல ஒரு கோடு கூடக் கிடையாது.”

தனக்கோடி கையை நிறுத்தினாள். “எந்த அப்பா?”

“எனக்கு எத்தன அப்பா ஆண்ட்டி?”

“ஏம்மே, டெய்லி சாய்ங்காலம் இருசப்பன் கடைல எம் பக்கத்துல குந்திகினு பஜ்ஜி துன்றாரே, அவுரு யாரு? சட்னி வேற ரெண்டாந்தபா கேட்டு வாங்கறாரு. நா கூட வூட்டுல பட்னி போடறாங்க போலன்னு நெனச்சிகினேன்.”

சொல்லிவிட்டு ஷீலாவின் முகத்தைப் பார்த்தாள். “தோ பாரும்மா, நா ஒன்னும் சொல்லல. மீன் ஃப்ரெஷ்ஷா கீது, சட்டில போடு.”

ஷீலா சிரிப்பை அடக்கிக்கொண்டு மீனை வாங்கினார். திவ்யா சிரிக்கவில்லை. அவள் புத்தகம் படித்தவள். அப்பா இதைப் பின்னணி என்றுதான் கழித்திருப்பார் என்று ஊகித்துவிட்டாள். பின்னணியைக் கழிக்க வேண்டுமென்றால் முதலில் அதை அளக்க வேண்டும். அதற்காக வேலைக்கே போகாத ஒரு பேட்ஜைத் தனியாகத் தொங்கவிடுவார்கள் என்று அதில் படம் போட்டே இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஏசுபாதம் டீக்கடை பெஞ்சில் இரண்டாவது பஜ்ஜியைப் பாதி கடித்திருந்தார். வழக்கமாகத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காதவர், அன்று தற்செயலாக நிமிர்ந்தார். பாய்லருக்கு மேலே நாள்காட்டி. அதற்குப் பக்கத்து ஆணியில் ஓர் அட்டை. அட்டையில் ஒரு பாஸ்போர்ட் போட்டோ. போட்டோவில் இருந்தவர் ஏசுபாதத்தை முறைத்துப் பார்த்தார். ஏசுபாதம்தான்.

“இருசப்பா, இது என்னது?”

“தோ, உங்க பாப்பா குத்துச்சு சாரு, போன வெள்ளிக்கெழம. சைக்கிள்ல வந்து, ‘அண்ணா, எங்க அப்பா ஒரு டீ குடிச்சா ரெண்டு கோடு, ஒரு பஜ்ஜி துன்னா ரெண்டு கோடு போடுங்க’ன்னுச்சு. ஆபீஸ் மேட்டர் போலன்னு நானும் கரீட்டா போட்டுகினு கீறேன். இன்னிக்கு இன்னும் போடல. துன்னு முடி, போடறேன்.”

ஹரிஹரன் எழுந்து போய் எண்ணினார். தொழில் பழக்கம்.

“ஏசு, ஆறு நாளைக்கு நாப்பத்தெட்டு. வரம்பு முப்பத்தாறு.” பெஞ்சுக்குத் திரும்பி வந்தார். “பின்னணியே வரம்பைத் தாண்டறதுன்னா, நம்ம ஊரை விட்டே ஜனங்களைக் கிளப்பணும் ஓய்.”

ஏசுபாதம் மீதிப் பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார். தன் வாயாலேயே எத்தனையோ பேரை அப்படியே விட்டுவிட்டு வரச் சொன்னவர். சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனார். ஹாலில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகளையும் தாண்டி உள்ளே போய், கரண்ட் பில் ஃபைலை எடுத்துவந்து ஷீலாவின் முன் நீட்டினார்.

“ஷீலா, ஒரு காரியம் சொல்லணும். எனக்கு சுகர்…”

“ஆறு புள்ளி மூணு” என்றார் ஷீலா, போர்டிலிருந்து கையை எடுக்காமல்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“லேபுல போன் நம்பர் யாருக்கத கொடுத்தீங்க?”

ஏசுபாதம் யோசித்தார். கேஸ் புக்கிங்குக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கொரியருக்கு, யார் கேட்டாலும் அவர் வாயில் வருகிற நம்பர் ஒன்றுதான். தன் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது.

“ரிசல்ட்டு அண்ணைக்கே எனக்க போனுக்கு வந்தாச்சு. நீங்க பஸ்ஸு ஏறும் முந்தியே.”

“பின்ன ஏன் சொல்லல்ல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அதுக்குள்ள இந்தப் பய கீரை திங்க ஆரம்பிச்சுட்டான். எதுக்கு நிறுத்தணும்? நீங்க பஜ்ஜி திங்கது மட்டும் தனக்கோடி சொல்லித்தான் தெரியும்.”

முன்வரிசையில் இருந்த ஒரு பையன் கையைத் தூக்கி, “மிஸ், ஆறு புள்ளி மூணுல எதைக் கழிக்கணும்?” என்று கேட்டான். ஜான்சன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று இரவு உணவுக்கு முன்பே ஷீலா எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். மஞ்சள் டேப்பைக் கிழித்து எறிந்தார். டியூஷன் ஆறு மணிக்குத் தள்ளிப்போனது. ஐந்து பத்துக்கு பஸ் வந்தால் ஐந்தரைக்கு நான்கு பேரும் சாப்பாட்டு மேசையில். அவித்த கடலையோ சுண்டலோ, சில நாள் மத்திக் குழம்போடு கையளவு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, சர்க்கரை இல்லாத டீ. பகலுக்கு எடுத்துப்போகிற டப்பாவில் காயும் பயறும் கூடின, ஏசுபாதம் பசியோடு திரும்பக் கூடாது என்று. சாப்பிட்டதும் ஜான்சனைக் கூட்டிக்கொண்டு கடற்கரை வரை நடக்க வேண்டும்.

“எத்தன யூனிட்டு?” என்று முதல் நாள் கிழங்கைப் பார்த்துக் கேட்டார்.

“ஒங்க அதிகாரம் போயாச்சு. இனி நான் வெளம்புகதத் திங்கணும்” என்றார் ஷீலா.

இருசப்பன் கடையில் அட்டை இன்னும் இரண்டு வாரம் தொங்கியது. ஹரிஹரன் ஒருநாள் பழக்கதோஷத்தில் அதில் தன் வடையைக் குறித்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டார்.

கெடு முடிந்தது செப்டம்பர் நடுவில். இந்தத் தடவை ஷீலாவும் செங்கல்பட்டுக்கு வந்தார். லேபில் நம்பர் கேட்டபோது இரண்டு பேருமே ஷீலாவின் நம்பரைச் சொன்னார்கள். சாயங்காலம் டாக்டர் காகிதத்தை விரித்தார்.

“ஆறு புள்ளி பூஜ்யம்.”

டாக்டர் ஆறுக்குக் கீழே என்றுதான் சொல்லியிருந்தார். ஆறு என்பது ஆறுக்குக் கீழே அல்ல. இதை ஷீலாவின் டியூஷன் பிள்ளைகள் கூடச் சொல்லிவிடும். ஏழு அறை உள்ள டப்பா ஒன்று ஏசுபாதத்தின் கண்ணுக்கு முன்னால் திறந்து மூடியது.

“சார், மெஷின்ல எர்ரர் இருக்கும்லா? அஞ்சு புள்ளி ஒம்பதாக் கூட இருக்கலாம்.”

“ஆறு புள்ளி ஒண்ணாவும் இருக்கலாம்” என்றார் டாக்டர். “நீங்க எங்க வேலை பாக்குறீங்க?”

ஏசுபாதம் சொன்னார். என்ன வேலை என்பதையும் சொன்னார்.

“அப்ப உங்களையே கேக்குறேன். உங்க ஆள் ஒருத்தர் சரியா வரம்புல வந்து நிக்குறார்னு வைங்க. என்ன பண்ணுவீங்க?”

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டாக்டருக்கு எங்கே தெரியப்போகிறது? ஷீலா கூட அந்தப் பொய்க்குத் தயாராகத்தான் கணவர் முகத்தைப் பார்த்தார். ஏசுபாதம் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“வெளிய அனுப்பிருவேன் சார்.”

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“அனுப்பினதும்? அதோட முடிஞ்சிடுமா?”

“இல்ல சார். தள்ளி வைப்போம். கொறஞ்சிருக்கான்னு மறுபடி அளப்போம். அதுக்குள்ள மருந்தெல்லாம் கொடுக்க மாட்டோம்.” கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவராகவே சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். பேனாவை மூடினார். “மூணு மாசத்துல புள்ளி மூணு இறங்கியிருக்கு. இறங்குற வரைக்கும் நானும் மாத்திரை எழுதல. டிசம்பர்ல வாங்க. அதே சாப்பாடு, அதே நடை. யார் சமைக்கிறது?”

“நான்தான்” என்றார் ஷீலா.

“அவங்க சொல்றதக் கேளுங்க” என்று டாக்டர் அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றத்தில் பத்து நிமிடம் நின்றது. ஜன்னலுக்குக் கீழே ஓர் அம்மாள் கொய்யாப்பழம் நீட்டினாள். ஷீலா நான்கு வாங்கி, முந்தானையில் துடைத்து, ஒன்றை ஏசுபாதத்தின் கையில் வைத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாகப் பழுத்திருந்தது. இவ்வளவு பழுத்தால் இனிப்புக் கூடுதலாக இருக்குமே, காயாக இருந்தால்தான் கணக்கில் வராது என்று வைத்திருந்தோம், பழத்துக்கு ஒருவேளை அரை யூனிட்…

“ஷீலா, இது…”

“பேசாமத் தின்னுங்க” என்றார் ஷீலா. பஸ் கிளம்பியது.